தோல் ஷாப்புத் தண்ணியா, சொந்தத்துல கட்டினதா?

போன இதழில் ஆட்டிசத்தின் ஆரம்ப அடையாளங்களைப் பற்றி எழுதியிருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது, பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பது, வந்த நாலு வார்த்தையும் ஒன்றரை வயதில் நின்றுபோவது, இப்படி. இனி என்ன செய்யலாம் என்று கேட்டுக் கடிதங்கள் வரும் என நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் கேட்டது ஒன்றுதான்: எதனால் வந்தது? சரி, இந்த முறை முழுக்க அதற்கே. நான் டாக்டர் இல்லை. சிறப்பாசிரியை, ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு அம்மா. அவனுக்கு இப்போது 22 வயது.

மேல்விஷாரத்திலிருந்து ஒரு தாய் (தோல் ஷாப்பு என்று இங்கே சொல்வது தோல் பதனிடும் தொழிற்சாலையை): "என் வீட்டுக்காரர் 11 வருஷமா தோல் ஷாப்புல வேலை பார்க்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து போர் தண்ணிதான் குடிச்சோம், குடத்துல பிடிச்சு வெச்சா அடியில மஞ்சளா படியும். பையனுக்கு மூன்றரை வயசு, ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. இந்தத் தண்ணியும் அவர் துணியில ஒட்டிட்டு வர்ற கெமிக்கலும்தானே டீச்சர் காரணம்? என்னாலதான்னு சொல்லி அவர் ராத்திரியில தூங்கறதே இல்ல."

தங்கச்சி, பாலாற்றங்கரையில் பிள்ளை பெற்ற எவருக்கும் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்கள் பயத்தை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இந்த ஊர் தெரியவில்லை என்று அர்த்தம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் நம் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, கழிவுநீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. நாசம் செய்தவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மூடிப்போன ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மேடு லட்சம் டன்னுக்கு மேல். இதெல்லாம் உண்மை.

ஆனால் தண்ணீர் கெட்டது என்பது ஒரு பேச்சு, அந்தத் தண்ணீரால் உங்கள் மகனுக்கு ஆட்டிசம் வந்தது என்பது வேறு பேச்சு. குரோமியம் என்ற உலோகம் இரண்டு வகையாக வரும். அதில் ஆறு வேலன்ஸ் கொண்ட குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தரும், தோலில் ஆறாத புண் தரும் என்பது நிரூபணமானது. தோல் பதப்படுத்தப் பயன்படுத்துவது பெரும்பாலும் மூன்று வேலன்ஸ் குரோமியம், அது அந்த அளவுக்குக் கொடியதல்ல. இரண்டில் எதுவுமே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. தோல் ஷாப்பே இல்லாத ஊர்களிலும், வயலையும் வாய்க்காலையும் தவிர வேறெதுவும் தெரியாத கிராமத்திலும், அமெரிக்காவிலும் இந்தப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். உலகம் முழுக்கக் கணக்கெடுத்தால் ஏறக்குறைய நூறு பேருக்கு ஒருவர்.

அப்படியானால் எதனால்? 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு இடத்தைக் கை காட்ட முடியுமா? கர்நாடகத்தில் பெய்தது, ஆந்திரத்தில் பெய்து பொன்னையாற்றில் வந்தது, இங்கே நிரம்பி வழிந்த ஏரிகள், ஓடைகள், எல்லாம் சேர்ந்துதான் கரை புரண்டது. ஆட்டிசம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படித்தான் உருவாகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே செய்யாத நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள், அம்மாவிடமிருந்து கொஞ்சம், அப்பாவிடமிருந்து கொஞ்சம், ஒரே பிள்ளையிடம் வந்து சேர்கின்றன. சிலருக்கு மட்டும் ஒரே ஒரு மரபணுவில் பெரிய மாற்றம் இருக்கும், அது பெற்றோரிடம் இல்லாமல் கரு உருவாகும்போது புதிதாக ஏற்பட்டதாகவும் இருக்கலாம். டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா என்று ஐந்து இடங்களில் 20 லட்சம் குழந்தைகளுக்கு மேல் எடுத்துப் பார்த்து 2019-ல் வெளியான ஆய்வு, ஒருவருக்கு ஆட்டிசம் வருவதிலும் இன்னொருவருக்கு வராமல் போவதிலும் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபுவழிப்பட்டது என்று சொல்கிறது. (உங்கள் மகனின் ஆட்டிசத்தில் 80 பங்கு மரபணு, 20 பங்கு தண்ணீர் என்று இதைப் படிக்கக் கூடாது. இது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு.)

சுற்றுச்சூழல் என்று அறிவியலில் சொல்வது ஆற்றையும் காற்றையும் மட்டும் இல்லை, மரபணு அல்லாத எல்லாமே அதற்குள் அடங்கும். பெற்றோரின் வயது, கர்ப்பத்தில் சர்க்கரை நோய், மாதம் முழுதாகாமல் பிறப்பது, காற்று மாசு, இவற்றுக்கெல்லாம் ஆட்டிசத்தோடு ஓரளவு தொடர்பு தெரிகிறது. தொடர்பு தெரிவதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. உறுதியாகத் தெரிந்த ஒன்று, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் மாத்திரை. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு நாலுக்கு மேல், மற்றவர்களில் ஒன்றரை, இது 2013-ல் வந்த டென்மார்க் கணக்கு. வலிப்பு உள்ள பெண்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்குத் திட்டமிடும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

மற்றபடி அந்தப் போர் தண்ணீரை ஆட்டிசத்துக்காக இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தெரு என்றால் குடிக்கவும் சமைக்கவும் அது மட்டும் போதும். அவர் வேலைத் துணியை வாசலிலேயே மாற்றிவிட்டுக் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். இன்னொன்று, பையன் மண், சுவர்ச் சுண்ணாம்பு, பெயின்ட் என்று வாயில் போடுகிறவனா? இந்தப் பிள்ளைகளில் பலர் போடுவார்கள். அப்படியென்றால் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஈயம் எந்தக் குழந்தையின் மூளையையும் கெடுக்கும், ஏற்கெனவே சிரமப்படுகிற பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. உங்கள் வீட்டுக்காரருக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள்: 11 வருஷம் அந்த நாற்றத்தில் நின்று குடும்பத்தைக் காப்பாற்றியவர் மேல் எந்தப் பழியும் இல்லை.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: "நான் என் தாய்மாமாவைத்தான் கட்டிக்கிட்டேன். அப்ப கட்டித்தான் ஆகணும்னு நின்ன எங்க ஆயாவே இப்ப, சொந்தத்துல கட்டினதாலதான் பிள்ளை இப்படின்னு எல்லார்கிட்டயும் சொல்லுது. டாக்டரும் முதல் கேள்வியே சொந்தமான்னுதான் கேட்டாங்க. அப்ப அது நிஜமா அக்கா?"

டாக்டர் கேட்டது சரியான கேள்வி, ஆயா சொல்வது சரியான பதில் இல்லை.

மாமன் மகளைக் கட்டினால், ஒரு மரபணுவின் ஒரே நகல் தாய் தந்தை இருவர் வழியாகவும் பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. அந்த நகலில் குறை இருந்தால், இரண்டு பக்கமும் குறை சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள் வரும். சில காதுகேளாமைகள், உடம்பின் வேதிமாற்றக் குறைபாடுகள் இந்த வகை. அவற்றில் பினைல்கீட்டோனூரியா போன்ற சிலவற்றைக் கவனிக்காமல் விட்டால் ஆட்டிசம் போன்ற நடத்தையும் வரலாம். டாக்டர் கேட்பது இதற்காகத்தான், உங்களைக் குற்றக் கூண்டில் ஏற்ற இல்லை. ஆனால் ஆட்டிசத்தில் பெரும்பங்கு இந்த வகை மரபால் வருவதல்ல. முன்பின் அறியாத இரண்டு குடும்பத்தில் கட்டியவர்களுக்கும் பிறக்கிறது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஏழு தலைமுறை தேடினாலும் உறவு கிடையாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுத்து யாருக்காவது சொந்தத்திலேயே பேசுகிறார்கள் என்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது, தயங்காமல் சொல்லுங்கள். முடிந்துபோன உங்கள் கல்யாணத்தை மட்டும் எடுத்துவைத்து விசாரிக்க விடாதீர்கள்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அம்மாவைக் குற்றவாளியாக்குவது நம் ஆயாக்கள் மட்டும் செய்த வேலை இல்லை, படித்த மருத்துவர்களே செய்தார்கள். 1943-ல் லியோ கேனர் என்ற அமெரிக்க மருத்துவர் 11 பிள்ளைகளை வைத்து ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதினார். அதன் பிறகு பல வருஷம், பாசமில்லாத, ஐஸ்பெட்டி போன்ற அம்மாக்களால்தான் இது வருகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் பேசினார்கள். பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்தால் சரியாகும் என்றுகூடச் சொன்னார்கள். அதை எதிர்த்து 1964-ல் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட் ஒரு உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா. 1977-ல் லண்டனில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து வந்த 11 ஜோடியில் 4 ஜோடிக்கு இருவருக்குமே ஆட்டிசம், தனித்தனிக் கருவில் வந்த 10 ஜோடியில் ஒன்றுக்குக்கூட இருவருக்கும் இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால் ஒரே வீட்டில் ஒரே அம்மாவிடம் வளர்ந்த இந்த இரண்டு வகை இரட்டையருக்குள் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காதே. அந்தப் பழி அன்றைக்கே செத்திருக்க வேண்டும். 2000-த்துக்குப் பிறகு பிள்ளை பெற்ற என்னிடமும் ஒரு டாக்டர் அம்மா கேட்டார், நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா, அதனால்தான் என்று. அன்று அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டு, கர்ப்பத்தில் சாப்பிட்டது, வீட்டுக்கு அடித்த பெயின்ட், கொசுவர்த்திச் சுருள், விழுந்த படிக்கட்டு என்று காரணம் எழுதி எழுதியே இரண்டு வருஷத்தைத் தொலைத்தேன். பையனுக்குப் பேச்சுப் பயிற்சி தொடங்கியபோது நாலரை வயது ஆகிவிட்டது. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆற்காட்டிலிருந்து: "கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டேன், அதனாலா?"

இல்லை. இதற்கு மேல் ஒரு வரி எழுதவும் இதில் எதுவும் இல்லை அம்மா, நிம்மதியாக இருங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: "கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டேன். அதனால்தான் என்று இப்போது அமெரிக்காவிலேயே சொல்கிறார்களாமே?"

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசுத் தரப்பில் அப்படிப் பேசியது உண்மை. அதற்கு முந்தைய வருஷமே சுவீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்துவிட்டது. ஒரே தாயின் பிள்ளைகளில், மாத்திரை போட்ட கர்ப்பத்தில் பிறந்தவரையும் போடாத கர்ப்பத்தில் பிறந்தவரையும் ஒப்பிட்டபோது எந்த வித்தியாசமும் இல்லை. கர்ப்பத்தில் காய்ச்சலைக் குறைக்காமல் விடுவதுதான் ஆபத்து. நீங்கள் செய்தது சரி.

காட்பாடியிலிருந்து ஒரு தந்தை: "பெரியவனுக்கு ஆட்டிசம். தட்டம்மை ஊசி போட்ட கொஞ்ச நாளில்தான் பேச்சு நின்றது, என் கண்ணால் பார்த்தேன். சின்னவளுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. நர்ஸ் இரண்டு முறை வீட்டுக்கே வந்துவிட்டார். போடலாமா?"

தம்பி, இந்த வாரமே போடுங்கள்.

நீங்கள் பார்த்தது பொய் இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்கள் வெளியே தெரிய ஆரம்பிப்பதும், வந்த பேச்சு நின்றுபோவதும் பெரும்பாலும் ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில். ஊசிகள் போடுவதும் அதே வயதில். அதனால் ஏதாவது ஒரு ஊசிக்கு அப்புறம்தான் அது கண்ணில் படும், எத்தனை லட்சம் வீட்டில் பார்த்தாலும். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பயம் பற்றிக்கொண்டது. பின்னால் அதில் தில்லுமுல்லு இருந்தது வெளியே வந்து, 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றது, அதே வருஷம் அவரை மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை, அண்ணன் அக்காவுக்கு ஆட்டிசம் இருந்த பிள்ளைகளிலும் கூடவில்லை. உங்கள் சின்னவள் இருப்பது அந்தக் கடைசிக் கூட்டத்தில், அதனால் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

2017-ல் நம் பள்ளிகளில் தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருந்ததை நான் பார்த்தேன். அந்த ஊசி தடுக்கிற ருபெல்லாதான், கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்து, ஆட்டிசத்தையும் கூட்டுகிறது. 1964-ல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவுக்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். பயந்து தள்ளிப்போடுகிற அந்த ஊசியே ஒரு காரணத்தை அடைக்கிற ஊசி.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். மூத்த பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் இருபது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அதுதான் கணக்கு, பெண் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. அதனால் இவளை இப்போதிருந்தே கவனியுங்கள், ஒன்றரை வயதிலும் இரண்டு வயதிலும் வளர்ச்சிச் சோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: "எங்கள் காலத்தில் இந்தப் பெயரே கிடையாது. இப்போது தெருவுக்கு ஒன்று. செல்போனும் உரம் போட்ட காய்கறியும்தான் காரணம் என்பது என் கருத்து."

ஐயா, பெயர் கிடையாது, பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் தெருவில் 'வாய் வராதவன்', 'ஒரு மாதிரி' என்று சொல்லித் திண்ணையிலேயே உட்காரவைத்திருந்த ஒருவர் நினைவுக்கு வரவில்லையா? அமெரிக்காவில் 2000-ல் 150 குழந்தைக்கு ஒருவர் என்றிருந்த கணக்கு 2022-ல் 31-க்கு ஒருவர் ஆனது. நடுவில் ஆட்டிசம் என்ற சொல்லின் எல்லையே விரிந்தது, முன்பு வேறு பெயரில் இருந்தவர்களையும், நன்றாகப் பேசிப் படித்தும் சிரமப்படுகிறவர்களையும் சேர்த்தார்கள், தேடிப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். கூடியதில் பெரும்பகுதி இதனால். செல்போன் ஆட்டிசத்தைத் தராது. ஆனால் நாள் முழுக்கச் செல்போனைப் பார்க்கிற குழந்தையிடம் யாரும் பேசுவதில்லை, பேசாத வீட்டில் பேச்சு தாமதமாகும், அந்த வகையில் உங்கள் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. பேரனிடம் நீங்கள் தினமும் ஒரு மணி நேரம் பேசினாலே பெரிய உதவி.

பேரணாம்பட்டிலிருந்து: "மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். வேறொரு இடத்தில் ஸ்டெம்செல் ஏற்றினால் சரியாகும் என்கிறார்கள், வீட்டை அடமானம் வைக்கலாமா என யோசிக்கிறோம்."

அடமானம் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம்செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது. ஆராய்ச்சி என்றால் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. உடம்பிலிருக்கும் பாதரசத்தை ஊசி போட்டு எடுக்கிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள், 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் அப்படி ஒரு சிகிச்சையில் இறந்தே போனான்.

மரபணு டெஸ்ட் வேறு, அது மோசடி இல்லை. குரோமோசோம் மைக்ரோஅர்ரே எடுத்தால் நூறில் ஏறக்குறைய பத்துப் பதினைந்து பேருக்குக் காரணம் தெரியும், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று வரும், அதனால் மரபணு காரணமில்லை என்று ஆகாது. வலிப்பு, உடம்பில் வெள்ளைத் திட்டுகள், முக அமைப்பில் வித்தியாசம், குடும்பத்தில் இன்னொருவருக்கும் அறிவுக்குறை, அல்லது அடுத்த பிள்ளைக்கு யோசிப்பது, இதில் ஏதாவது இருந்தால் கட்டாயம் எடுங்கள். டெஸ்டுக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசகர் உட்கார்ந்து விளக்க வேண்டும், ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்தால் கேட்டு வாங்குங்கள். முடிவு எதுவாக வந்தாலும் பயிற்சி மாறாது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி எடுக்கலாம். அரசு மருத்துவமனை வழியாக மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள், 2016 சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும்.

வேலூரிலிருந்து, வயது 24: "தம்பிக்கு ஆட்டிசம், 19 வயசு. என்னைப் பெண் பார்க்க வர்றப்ப எல்லாம் அப்பா அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுடறார். இந்தத் தடவை இடம் கூடிவரும் போலிருக்கு. அவங்ககிட்ட சொல்லணுமா அக்கா? எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமா?"

கண்ணு, உன் கடிதத்தை எடுத்துவைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் பதில் எழுத முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன், அதற்குத் தெளிவான விடை இருக்கிறது. மாமா, சித்தி, அத்தை, பெரியப்பா இப்படி ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கும் பிள்ளைகளைச் சுவீடனில் 2020-ல் கணக்கெடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேருக்கு ஆட்டிசம், பொதுவாக எல்லாப் பிள்ளைகளிலும் ஒன்றரை. கூடுதல்தான், ஆனால் நூறில் குறைந்தது தொண்ணூற்றைந்து பேருக்கு ஆட்டிசம் வருவதில்லை. தம்பிக்கு மரபணு டெஸ்ட் எடுத்து ஏதாவது குறிப்பிட்ட காரணம் தெரிந்தால் அது உன்னிடமும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், குறிப்பாக பிராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு. அது அம்மா வழியாகப் பெண்களுக்குள் வெளியே தெரியாமல் வரலாம்.

சொல்லத்தான் வேண்டும். நிச்சயத்துக்கு முன்பே, நீயே, மாப்பிள்ளையிடம் நேராகச் சொல். மேலே உள்ள எண்களையும் சொல். கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் அந்த வீடு உனக்கு வேண்டாம், ஏனென்றால் உன் அப்பா அம்மாவுக்குப் பிறகு தம்பி உன் வீட்டு வாசலுக்கும் வருவான். அப்பாவிடம் கோபப்படாதே, அவர் உனக்காகத்தான் பயப்படுகிறார், ஆனால் அடுத்த முறை தம்பி கூடத்திலேயே இருக்கட்டும், அவனுக்கு வேர்க்கடலையோ முறுக்கோ எது பிடிக்குமோ அதோடு.

கல்யாணம் கூடிவந்தால் முந்தைய நாள் மண்டபம் காலியாக இருக்கும்போதே அவனைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள், உட்காரப்போகிற நாற்காலியை அவனே தேர்ந்தெடுக்கட்டும், மேளக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம். புதுச் சட்டையை நாலு தடவை துவைத்து, கழுத்துப் பட்டியை வெட்டிவிட்டுப் போடுங்கள். காதுக்கு ஹெட்போன். முதல் பந்தியிலேயே அவனுக்கு இலை போட்டுவிடச் சொல், கூட்டம் சேர்ந்து தாங்க முடியாமல் எழுந்தால் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போவது யார் என்று சித்தப்பாவிடம் இப்போதே பேசி வை, தாலி கட்டுகிற நேரத்தில் நீ அவனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.